ஊரார் கையில் காசு கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?

நகரத்துக்குள் பாழாய்க் கிடக்கும் நிலத்தை, அதிலும் ரசாயனம் ஊறிப்போன நிலத்தை, மீட்டெடுப்பதற்கான மானியத்தை அந்தப் பகுதி மக்களின் அமைப்பிடமே கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதிகாரிகள் சிரிக்கக்கூட மாட்டார்கள். பரிசீலிப்பதாகச் சொல்லிக் கோப்பை ஓரமாக வைத்துவிடுவார்கள். இடதுசாரி, வலதுசாரி, சூழலியல் பேசுபவர், ரியல் எஸ்டேட்காரர் என்று வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். ஈயமும் குரோமியமும் பாதரசமும் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்பதைத் துளையிட்டு, மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தப்பாகத் தோண்டினால் அடங்கிக் கிடந்த நஞ்சு காற்றிலும் நிலத்தடி நீரிலும் கலக்கும். நிலத்தைக் கெடுத்தது ஒரு நிறுவனம் என்றால் செலவும் அதனுடையதே. வரிப்பணத்தை எடுத்துக் கொடுப்பது குற்றவாளிக்குத் தள்ளுபடி தருவதற்குச் சமம். நிலத்துக்கு மதிப்பு இருந்தால் வாங்குகிறவர் சுத்தம் செய்துகொள்வார். மக்கள் குழுக்களை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பணம் வந்தால் உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் பைக்குப் போகும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், சுத்தமான நிலம் விலை ஏறி ஏழைகளைத்தான் வெளியே தள்ளும்.

இவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் ஐந்துமே தவறு.

1. "இது விஞ்ஞானம், ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை."

விஞ்ஞானம்தான். எங்கே தோண்ட வேண்டும் என்று அந்த விஞ்ஞானத்துக்கு யார் சொன்னது?

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில், லவ் கனால் என்ற கைவிடப்பட்ட கால்வாயில், ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953-ல் மேலே மண்ணைப் போட்டு மூடி, பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கைமாற்றியது. பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் அங்கே குடியிருந்த லோயிஸ் கிப்ஸ் என்ற பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டி, யாருக்கு என்ன நோய், எந்தக் குழந்தை என்ன குறையோடு பிறந்தது என்று கேட்டு எழுதத் தொடங்கினார். சேர்த்த விவரங்களைத் தெரு வரைபடத்தில் குறித்தபோது ஒன்று தெரிந்தது. நோய்கள் பல, கால்வாயிலிருந்து விலகி, எப்போதோ தூர்த்து மூடப்பட்ட பழைய ஓடைகளின் தடத்தோடு வரிசை பிடித்து நின்றன. நஞ்சு அந்தத் தடம் வழியாக நகர்ந்திருக்கும் என்ற ஊகம் அங்கே பிறந்தது. பெவர்லி பெய்ஜன் என்ற ஆய்வாளர் அதை எடுத்து முறைப்படி ஆராய்ந்தார். மாநிலச் சுகாதாரத் துறையோ, குடும்பப் பெண்கள் சேர்த்த கணக்கு என்று ஒதுக்கப் பார்த்தது. தூர்த்த ஓடை எங்கே ஓடியது என்பது அங்கேயே காலம் கழித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நஞ்சேறிய நிலங்களைச் சுத்தம் செய்ய 1980-ல் அமெரிக்கா இயற்றிய சூப்பர்ஃபண்ட் சட்டத்துக்கு இந்த ஊர் ஒரு முக்கியக் காரணம்.

நம் ஊருக்கு வாருங்கள். கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை, நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசம் போனது. அங்கே பாதரசம் வெளியே போகிறது என்பது 2001 மார்ச்சில்தான் நாட்டுக்குத் தெரிந்தது. எப்படி? மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஜனங்கள் நடமாடும் இடத்தில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்தது. பழனிமலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸும் ஆலையின் முன்னாள் தொழிலாளர்களும் அதை ஊரறியச் செய்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கண்காணிக்க வேண்டிய வாரியமும் ஆய்வுக்கூடமும் அத்தனை ஆண்டுகளும் இருக்கத்தான் இருந்தன.

"கண்டுபிடித்துக் கொடுக்கட்டும், அதோடு ஒதுங்கிக்கொள்ளட்டும், சுத்தம் செய்வதை நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இங்கே ஒரு பின்வாங்கல் வரும். அதுவும் நிற்காது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற கேள்விக்கு வேதியியல் மட்டும் பதில் சொல்லிவிடாது. அந்த மண்ணில் நாளை குழந்தை விளையாடப் போகிறதா, கீரை விளையப் போகிறதா, கான்கிரீட் போட்டுக் கிடங்கு கட்டப் போகிறார்களா என்பதைப் பொறுத்து அளவு மாறும். கொடைக்கானலில் 20 மில்லிகிராம் போதும் என்று நிறுவனத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது, ஊர்க்காரர்கள் அதைவிடக் கடுமையான அளவு வேண்டும் என்று சண்டை போட்டது இதனால்தான். நிலம் எதற்கு என்பது முடிவானால்தான் எவ்வளவு சுத்தம் என்பது முடிவாகும். நிலம் எதற்கு என்று சொல்ல எந்த ஆய்வுக்கூடத்துக்கும் தகுதி கிடையாது.

தகுதி பற்றிய பேச்சிலேயே ஒரு பாசாங்கு இருக்கிறது. மாநகராட்சி ஆணையர் நச்சியல் படித்தவரா? நிலத்தை வாங்கும் பில்டர் படித்தவரா? இருவரும் ஆலோசகரைக் காசு கொடுத்து அமர்த்துகிறார்கள். அந்தக் காசை மக்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 1986-ல் சூப்பர்ஃபண்ட் சட்டத்தைத் திருத்தியபோது அமெரிக்க நாடாளுமன்றம் இதைச் செய்தது: நஞ்சேறிய இடத்தின் பக்கத்தில் வாழும் மக்கள் குழு, தனக்கென்று சுயேச்சையான நிபுணரை வைத்து அறிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்ள 50,000 டாலர் வரை மானியம். சட்டம் இயற்றியவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை. கையெழுத்துப் போட்டவர் ரொனால்ட் ரீகன்.

2. "கெடுத்தவன் கட்டட்டும், மக்கள் பணம் எதற்கு?"

கட்டட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் கெடுத்தவன் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் என்ன செய்வீர்கள்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே விடப்பட்டது. மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடும். கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வு, திட்ட அறிக்கை, வழக்கு, மறுபடி ஆய்வு. "கெடுத்தவன் கட்டட்டும்" என்ற கொள்கை அங்கே ஒரு மூட்டைக் கழிவைக்கூட அள்ளவில்லை.

கெடுத்தவன் கையில் பணம் இருக்கும் இடங்களிலும், அவனைக் கட்டவைக்க ஒருவர் விடாமல் துரத்த வேண்டியிருக்கிறது. தெற்குக் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி ஒன்று. ஒரு பக்கம் மூடப்பட்ட உர ஆலை, இன்னொரு பக்கம் நகரின் பழைய குப்பைமேடு, நடுவே இயங்கிக்கொண்டிருந்த ரசாயன ஆலை. ஹரல்ட் மிட்செல் என்ற குடியிருப்பாளர் 1990-களின் கடைசியில் ரீஜெனசிஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை அதற்குக் கொடுத்த முதல் மானியம் வெறும் 20,000 டாலர். அதை வைத்துக்கொண்டு மண்ணை அள்ள முடியாது. அவர்கள் நகராட்சியையும் மாவட்டத்தையும் நிறுவனங்களையும் முகமையையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். உர ஆலை நிலத்தையும் குப்பைமேட்டையும் சீர்செய்ய வேண்டியவர்கள் சீர்செய்தார்கள். மருத்துவ நிலையமும் வீடுகளும் வந்தன. அந்த 20,000 டாலரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த பொதுப்பணமும் தனியார் பணமும் சேர்ந்து 25 கோடி டாலரைத் தாண்டின. மிட்செல் பிறகு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார்.

ஆக, மக்கள் குழுவுக்குத் தரும் மானியம் குற்றவாளியின் பில்லைக் கட்டுவதற்கு இல்லை. பில்லை அவன் வாசலில் கொண்டுபோய் நீட்டுவதற்கான செலவு அது.

3. "நிலத்துக்கு மதிப்பு இருந்தால் சந்தை பார்த்துக்கொள்ளும்."

இதற்கு அதிக நேரம் வேண்டாம். சந்தை பார்த்துக்கொண்ட லட்சணம் கண்முன் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீட்டின்படி அங்கே இப்படி மாசுச் சந்தேகத்தால் முடங்கிய 'பிரவுன்ஃபீல்ட்' மனைகள் நாலரை லட்சத்துக்கு மேல். 1980 சூப்பர்ஃபண்ட் சட்டம், கெடுத்தவர் யாராக இருந்தாலும் இப்போதைய உரிமையாளரையும் பொறுப்பாக்கியது. விளைவு? மண்ணைச் சோதித்தால் உண்மை தெரியும், தெரிந்தால் செலவு தலையில் விழும் என்று பயந்து உரிமையாளர்கள் கேட்டைப் பூட்டினார்கள், வங்கிகள் கடன் தர மறுத்தன. தெரியாமலே இருப்பதுதான் லாபம் என்ற இடத்தில் எந்தச் சந்தையும் தானாக நகராது.

மதிப்பே இல்லாத மனைகளின் கதை இன்னும் தெளிவானது. ஃபிலடெல்ஃபியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவுகள் 2018-ல் வெளியாயின. ஒரு பகுதி மனைகளில் குப்பையை அள்ளி, மண்ணைச் சமன்செய்து, புல் போட்டு, சில மரங்கள் நட்டு, உள்ளே ஆள் நுழைய வழிவிட்டுத் தாழ்வான மரவேலி அடித்தார்கள். மனைக்குச் சுமார் 1,600 டாலர் செலவு. வறுமைக்கோட்டுக்குக் கீழான வட்டாரங்களில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. அருகில் வாழ்ந்தவர்களில் மனச்சோர்வாக உணர்கிறோம் என்றவர்களின் அளவும் வெகுவாக இறங்கியது. இந்த லாபத்தை எந்த பில்டரும் கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்க முடியாது. வரவு வைக்க முடியாத லாபத்துக்காக அவர் ஏன் செலவு செய்யப் போகிறார்?

4. "இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? காசைத் தின்றுவிடுவார்கள்."

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு மதிப்புள்ளது இது. நம் ஊர்களில் 'மக்கள் குழு' என்ற பெயரில் ஒரு குடும்பம் நடத்தும் சங்கங்களைப் பார்க்காதவர் யார்? அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரியில் டட்லி தெருவைச் சுற்றியுள்ள பகுதி. வங்கிகள் கடன் மறுத்து, வெள்ளையர்கள் வெளியேறி, காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்கள் சொந்தக் கட்டடத்தையே கொளுத்தி, 1980-களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 1,300 காலி மனைகள் இருந்தன. நகரின் வேறு பக்கங்களிலிருந்து லாரிகள் இரவில் வந்து கட்டட இடிபாட்டையும் அழுகிய இறைச்சியையும் கொட்டிப் போயின. ரைலி அறக்கட்டளை என்ற கொடை நிறுவனம் உதவ முன்வந்தது. நல்லெண்ணத்தோடுதான் வந்தது. பகுதியின் சேவை நிறுவனங்களைக் கூட்டி ஒரு நிர்வாகக் குழுவை வகுத்து, 1985-ல் ஒரு தேவாலய மண்டபத்தில் மக்கள் முன் வைத்தது. எழுந்து நின்ற குடியிருப்பாளர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் இந்தத் தெருக்களில் குடியிருக்கிறீர்கள்? கொடையாளர்கள் திட்டத்தை மாற்றினார்கள். குழுவில் குடியிருப்பாளர்களுக்குப் பெரும்பான்மை, கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், கேப் வெர்டியர், வெள்ளையர் என நான்கு பிரிவினருக்கும் மக்கள்தொகை எப்படியிருந்தாலும் சம எண்ணிக்கையில் இடம், இடங்களுக்குத் தேர்தல்.

பெரும்புள்ளி கையில் குழு சிக்காமல் இருக்க வழி என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் அந்த விதிகளில் இருக்கிறது. கொடையாளர் தன் நிபந்தனையாக அவற்றை எழுதிவிடலாம். டெண்டருக்கு நூறு நிபந்தனை போடத் தெரிந்த அரசுக்கு மானியத்துக்கு நான்கு போடத் தெரியாதா?

1986-ல் குப்பை கொட்டுவதை எதிர்த்து டட்லி மக்கள் இயக்கம் நடத்தினார்கள். சட்டவிரோதக் குப்பை மாற்று நிலையங்கள் மூடப்பட்டன. நகராட்சி போட்டுக் கொடுத்த திட்டத்தை வாங்கிக்கொள்ளாமல் தாங்களே நிபுணர்களை அமர்த்தித் தங்கள் பகுதிக்குத் திட்டம் வகுத்தார்கள். 1988-ல் பாஸ்டன் மறுசீரமைப்பு ஆணையம், தனியார் காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே இவர்களிடம் கொடுத்தது. அமெரிக்காவில் ஒரு மக்கள் அமைப்பு அந்த அதிகாரத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. மனைகளை வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் தந்தது. அதிகாரமும் பணமும் சேர்ந்து கையில் வந்தால் தின்றுவிடுவார்கள் என்றால், இவர்கள் எல்லோருக்கும் முன்பே தின்றிருக்க வேண்டும். அந்த மனைகளில் இன்று 200-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. பாழடைந்த வாகனக் கொட்டகை நின்ற இடத்தில் 10,000 சதுர அடிப் பசுங்குடில் இருக்கிறது.

ஊழல் வராது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் ஊழல் பயத்தை மக்கள் குழுவிடம் மட்டும் காட்டுவது என்ன நியாயம்? காண்டிராக்டர் அள்ளாத மண்ணை அள்ளியதாக அளவுப் பதிவேடான எம்-புக்கில் எழுதினால் கண்டுபிடிக்கத் தணிக்கைக்காரர் வர வேண்டும். எதிர்வீட்டுக்காரர் அள்ளியதாகப் பொய் சொன்னால் ஜன்னலைத் திறந்து பார்த்தாலே போதும்.

5. "சுத்தம் செய்தால் வாடகை ஏறும்; ஏழைகள் வெளியே போவார்கள்."

வாடகை ஏறும் என்பது உண்மை. சுத்தம் செய்யப்பட்ட மனைகளுக்கு அருகில் வீட்டு விலை உயர்வதை அமெரிக்க முகமையே தன் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள்: ஏழைகள் அங்கேயே இருக்க வேண்டுமானால் நஞ்சும் அங்கேயே இருக்கட்டும்! முற்போக்கு மொழியில் சொல்லப்படுவதால் இதன் கொடூரம் யாருக்கும் உறைப்பதில்லை.

விலை ஏறினால் லாபம் யாருக்கு என்பதை நில உரிமை தீர்மானிக்கிறது. டட்லியில் மீட்ட நிலம் ஒரு சமூக நில அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. வீடு குடும்பத்துக்குச் சொந்தம். அடிமனை 99 ஆண்டுக் குத்தகை. வீட்டை விற்கலாம், ஆனால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. அடுத்து வாங்குபவரும் நடுத்தர, குறைந்த வருமானக்காரராக இருக்க வேண்டும். 2008 நெருக்கடியில் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வீடுகள் வரிசையாக ஏலத்துக்குப் போனபோது அறக்கட்டளை நிலத்து வீடுகள் பெரும்பாலும் தப்பித்தன. இதே நிலத்தை நகராட்சி சுத்தம் செய்து ஏலம் விட்டிருந்தால் இந்த நிபந்தனை ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே வாடகை ஏறும் என்று அஞ்சுகிறவர்கள்தான் மானியம் மக்கள் கைக்குப் போக வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள்.

அமெரிக்கத் திட்டங்களை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. அவற்றில் பெரிய ஓட்டை இருந்தது. எதிர்த்தரப்பு அதைப் பேசுவதே இல்லை. 2002-ல் வந்த பிரவுன்ஃபீல்ட் சட்டம் ஒரு மனையைச் சுத்தம் செய்ய 2 லட்சம் டாலர் வரை தர வழிசெய்தது. லாப நோக்கற்ற அமைப்புகள் சுத்தம் செய்யும் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மண்ணைச் சோதிக்கும் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. சோதித்த அறிக்கை இல்லாமல் சுத்தம் செய்யும் மானியம் கிடையாது. அதாவது நகராட்சி மனது வைத்துச் சோதித்தால்தான் மக்களுக்கு வாசல் திறந்தது. 2018-ல் வந்த திருத்தம் இதைச் சரிசெய்தது. உச்சவரம்பை 5 லட்சம் டாலராகவும் ஆக்கியது. நடுவில் 16 ஆண்டுகள் போயின. விண்ணப்பம் எழுதவே ஆள் வைக்க வேண்டிய காகிதச் சுமையும் உண்டு. ஏழைக் குழுக்கள் அதிலேயே களைத்துப்போகின்றன. மக்களுக்கு அதிகமாகக் கொடுத்ததால் வந்த கோளாறு இவற்றில் எதுவும் இல்லை. குறைவாகவும் பிந்தியும் கொடுத்ததால் வந்தவை.

அதே தவறை நாம் இப்போது புதிதாகத் தொடங்குகிறோம். மாசடைந்த இடங்களைக் கையாள மத்திய அரசு 2025 ஜூலையில் விதிகள் அறிவித்தது. அப்போது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்த இடங்கள் 103. சீரமைப்பு தொடங்கியிருந்தது 7 இடங்களில் மட்டும். மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேக இடங்களைப் பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்டமாக ஆராய வேண்டும், நிபுணர் நிறுவனம் திட்டம் வகுக்க வேண்டும், கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும். வரவேற்கத்தக்க விதிகள். அந்த மண்ணின் மேல் தூங்கி எழுபவர்களுக்கு அறிக்கையைப் படித்துச் சொல்ல ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளும் காசுக்கு மட்டும் வழியில்லை. கொடுங்கையூர் குப்பைக்கிடங்கில் எரிஉலை வேண்டாம் என்று வட சென்னைக் குடியிருப்போர் 2025-ல் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். உலைக்கு ஆதரவாகப் பேச மாநகராட்சியிடம் ஆலோசகர்கள் உண்டு. எதிர்த்து நின்றவர்களுக்கு ஓர் ஆலோசகரை வைத்துத்தர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

எனவே தமிழக அரசிடம் மூன்று கோரிக்கைகள். பட்டியலில் ஏறும் ஒவ்வோர் இடத்துக்கும், திட்ட அறிக்கை தயாராகும் முன்பே, அருகில் வாழ்பவர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்குச் சுயேச்சையான நிபுணரை அமர்த்தத் தனி மானியம். மண்ணைச் சோதிக்கும் மானியத்துக்கு அந்தக் குழுவே நேரடியாக விண்ணப்பிக்கும் உரிமை. மீட்ட நிலம் ஏலத்துக்குப் போகாது என்ற நிபந்தனை. இவற்றில் முதலாவதை நிறைவேற்றப் புதுச் சட்டம் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.